மேகம் கொண்டு வந்த இசை

ஆடி மாதத்தில் கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி மலைப் பக்கம் நோக்கும்போது, சில நாட்களில் கருமேகம் ஒன்று மலையுச்சியைத் தழுவி நிற்பதைக் காண்கிறோம். "இன்று மழை வருமா?" என்பதே நமது கேள்வி. அத்தகைய மேகத்தைக் கண்ட ஒரு கவிஞர் அதைத் தூதாக அனுப்பினார். அந்தத் தூதைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், பெண்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் இசையாக்கினார். அந்த முயற்சியை இங்கே ஆராய்வோம்.

கவிதை

தமிழில் தூது இலக்கியம் நாம் அறிந்ததே. கிளியையும் அன்னத்தையும் நெஞ்சையும் தூது விட்டவர்கள் நம் புலவர்கள். வடமொழியில் காளிதாசர் இயற்றிய மேகதூதமும் இவ்வகையினதே. கடமையில் தவறிய யட்சன் ஒருவன், தன் தலைவனாகிய குபேரனின் சாபத்தால் ஓராண்டு மனைவியைப் பிரிந்து வாழ்கிறான். எட்டு மாதங்கள் கழிகின்றன. ஆஷாட மாதத்தில் மலைமுகட்டில் ஒரு மேகத்தைக் காண்கிறான். வட திசையில் கயிலைச் சாரலிலுள்ள அளகாபுரிக்குச் செல்லும் வழியெல்லாம் சொல்லி, தன் துயரத்தை மனைவியிடம் கூறுமாறு வேண்டுகிறான். அவள் மறுமொழி என்ன என்பதைக் கவிஞர் கூறவில்லை. அந்த மௌனமே நம் மனத்தை வாட்டுகிறது.

இசைக்கவிதை

ஒரு கவிதையையோ கதையையோ அடிப்படையாகக் கொண்டு, சொற்களின்றி ஆர்கெஸ்ட்ராவுக்கென்றே எழுதப்படும் இசையை இசைக்கவிதை என்பர். ஹங்கேரியில் பிறந்த லிஸ்ட் இவ்வகையில் 13 படைப்புகளை எழுதி வழிகாட்டினார். ரஷ்யரான சைக்கோவ்ஸ்கி, தாந்தேயின் காவியத்தில் வரும் பிரான்செஸ்கா என்னும் பெண்ணின் துயரக் காதலை 1876-இல் இசைக்கவிதையாக்கினார். அதில் முதலில் நரகத்தின் சூறாவளி சுழன்றடிக்கிறது. பிறகு புயல் அடங்க, ஒரே ஒரு கிளாரினெட் அவள் கதையை மெல்லச் சொல்லத் தொடங்குகிறது. முடிவில் மீண்டும் புயல் வந்து அவளை வாரிச் செல்கிறது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? இசையமைப்பாளர் கதையை வரிக்கு வரி சொல்ல முயல்வதில்லை. கதையின் உள்ளுணர்ச்சியைத் தேர்ந்து, எதை முழங்க வைப்பது, எதைத் தனித்து ஒலிக்க வைப்பது, எங்கே அமைதி காப்பது என்று முடிவு செய்கிறார். கட்டுரை எழுதுமுன் நாம் குறிப்புச் சட்டகம் அமைப்பது போன்றதே இதுவும்.

ஆசிரியர்

மேகதூதத்தை இசையாக்கியவர் இங்கிலாந்து நாட்டவரான குஸ்தாவ் ஹோல்ஸ்ட் (1874–1934). லண்டன் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் 1905 முதல் இறுதிவரை இசை கற்பித்தவர். வலக்கையில் நரம்பு வலி இருந்ததால் பியானோக் கலைஞராகும் கனவைக் கைவிட்டு, டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர். இந்திய இலக்கியத்தின் மீது கொண்ட ஈடுபாட்டால், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சமஸ்கிருதமும் பயின்றார். வேதக் கடவுளான இந்திரனைப் பற்றி 1903-இல் ஓர் இசைக்கவிதை எழுதியிருந்தார். மேகதூதத்துக்கோ ஆர்கெஸ்ட்ராவோடு பாடகர் குழுவையும், தாழ்ந்த குரலில் பாடும் பெண் ஒருவரையும் சேர்த்துக்கொண்டார். ஆகவே இது முழுமையான இசைக்கவிதை அன்று. அதன் உடன்பிறப்பு எனலாம். தூது என்பது வாயால் சொல்லப்பட வேண்டியதல்லவா? பாடலுக்குரிய சொற்களையும் அவரே ஆங்கிலத்தில் அமைத்தார். பள்ளி வேலை போக எஞ்சிய நேரமே அவருக்கு எழுதும் நேரம்.

1913 மார்ச் மாதம் லண்டன் குயின்ஸ் ஹாலில் அது அரங்கேறியது. பெரிதும் நம்பியிருந்த அப்படைப்பு எடுபடவில்லை. ஹோல்ஸ்ட் மனமுடைந்து போனார். அவர் நிலை கண்ட நண்பர் ஒருவர் ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவுக்கு உடன் அழைத்துச் சென்றார். அங்கே பேச்சுவாக்கில் சோதிடம் அறிமுகமாயிற்று. அந்த ஆர்வத்தில் பிறந்ததே, 1914-இல் தொடங்கி 1918-இல் அரங்கேறிய 'கோள்கள்' என்னும் புகழ்மிக்க இசைத் தொகுதி. கைவலி மிகுந்தபோது, அவர் சொல்லச் சொல்ல எழுதி உதவியவர்கள் அதே பள்ளியின் இசை ஆசிரியைகள் இருவர்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். மேகதூதம் தோற்ற அதே ஆண்டில், தம் மாணவியரின் தந்தி வாத்தியக் குழு வாசிப்பதற்கென்று ஒரு சிறு தொகுதியை எழுதி முடித்தார். பெரிய மண்டபத்துக்காக எழுதியது மறக்கப்பட்டது. பள்ளிச் சிறுமியருக்காக எழுதியதோ இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. மேகதூத இசையும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் அது இசைத்தட்டில் வெளிவந்தது.

யட்சன் அனுப்பிய மேகம் போய்ச் சேர்ந்ததா என்பது நமக்குத் தெரியாது. தூது சொல்வது அவன் வேலை. மறுமொழி அவன் கையில் இல்லை. ஹோல்ஸ்ட்டின் நிலையும் அதுவே. தேர்வில் குறைந்த மதிப்பெண்ணும், மேடையில் கிடைக்காத கைதட்டலும் நம்மை வருத்துவது இயல்பே. ஆயினும் மறுநாள் நம் அருகில் இருப்பவர்களுக்காகச் செய்யும் சிறு வேலையையும் செவ்வனே செய்வோமாக! அடுத்த முறை திருத்தணி மலைமேல் மேகம் தங்கும்போது, சற்று நின்று அதைக் கேட்கவும் பழகுவோம்.