கை நீட்டினால் தண்ணீர்: சென்சார் குழாய் யாருக்கு, எங்கே?

விமான நிலையத்திலும் மால்களிலும் பார்த்த சென்சார் குழாயை இப்போது கல்யாண மண்டபத்திலும், ஏன், சில வீடுகளிலும்கூட மாட்டுகிறார்கள். வாங்கும் முன் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குழாயில் கறுப்பாக ஒரு சின்னக் கண் இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வெளியே போகிறது. கை குறுக்கே வந்தால் கதிர் பட்டுத் திரும்பும். உடனே உள்ளே இருக்கும் சோலனாய்டு வால்வு திறக்கும். பேட்டரி மாடல் என்றால் கரண்ட் போனாலும் கவலையில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டால்தான் சிக்கல்: தொட்டி நிறைய தண்ணீர் இருக்கும், குழாயில் வராது.

தண்ணீர் மிச்சமாகுமா? நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் குழாயை, சோப்பு தேய்க்கும் 20 நொடியும் திறந்தே விட்டால் 3 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகும். சென்சார் குழாய் அதைத் தடுக்கும். ஆனால் மூடிவிட்டுத் தேய்க்கும் பழக்கம் உள்ள வீட்டில் இதனால் பெரிய லாபம் இல்லை. பலர் வந்து போகும் இடத்தில்தான் உண்மையான சேமிப்பு.

இன்னொரு பயன் அதிகம் பேசப்படுவதில்லை. மூட்டுவாதம், பக்கவாதம், தொழுநோய் பாதிப்பால் விரல் மடங்காதவர்களுக்குக் குழாயைத் திருகுவதே தினசரிப் போராட்டம். அவர்களுக்கு இது வசதி அல்ல, தேவை. அதே சமயம் பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்க அதில் கைப்பிடி இல்லை. எங்கே கை நீட்டுவது என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, தொடாத குழாய் என்றால் கிருமியே இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சோதித்தபோது, மின்னணுக் குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் பாதியில் லெஜியோனெல்லா பாக்டீரியா இருந்தது. சாதாரணக் குழாய்களில் 15 சதவீதம்தான். 2011-ல் இந்த முடிவு வெளியானது. உள்ளே இருக்கும் சிக்கலான வால்வு பாகங்கள் கிருமி தங்க இடம் கொடுத்திருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். கை சுத்தமாவது வேறு, தண்ணீர் சுத்தமாக இருப்பது வேறு.

நம்ம ஊரில் முதல் எதிரி உப்புத் தண்ணீர். போர் தண்ணீரின் உப்பு வால்விலும் வடிகட்டி வலையிலும் படிந்தால், குழாய் திறக்காது, அல்லது சொட்டிக்கொண்டே இருக்கும். கண்ணில் சோப்புக் கறை படிந்தாலும் தகராறுதான். சாதாரணக் குழாய் என்றால் ஒரு வாஷர் மாற்றினால் போதும். இதற்கு அந்தக் கம்பெனி பாகமே வேண்டும். மொட்டைமாடித் தொட்டி தாழ்வாக இருந்தால் அழுத்தம் போதுமா என்பதையும் கடையில் கேளுங்கள். வாளி நிரப்பும் குழாய்க்கு இது வேண்டவே வேண்டாம். நேரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும்.

பேட்டரி மாற்ற ஆள் இல்லாத பொதுக் கழிப்பறையில், முழங்கையால் தள்ளும் நீளக் கைப்பிடிக் குழாயே மேல். ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள். விரல் படாமல் திறக்கலாம், மூடலாம். பழுதானால் உள்ளூர் பிளம்பரே சரிசெய்துவிடுவார்.