தேள்கடியும் நுரையீரலில் நீர் கோத்தலும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தமிழர் தேள் என்பர். தெலுங்கர் தேலு என்பர். கன்னடியர் சேளு என்பர். மொழி மூன்றாயினும் அஞ்சும் பிராணி ஒன்றே. ஆயினும், பெரிய கருந்தேளைக் கண்டு நடுங்கும் நாம் சிறிய செந்தேளை அலட்சியம் செய்கிறோம். உயிருக்கு அபாயம் விளைப்பது பெரும்பாலும் இச்செந்தேளே. கல்லுடைக்கும் இடங்களிலும், செங்கற்சூளைகளிலும், தொழிற்பேட்டையை ஒட்டிய தொழிலாளர் குடிசைகளிலும், கடலைக்கொடி குவித்த களங்களிலும் இருட்டில் வெறுங்காலுடன் நடப்போர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

செந்தேளின் விஷம் நரம்புகளைத் தூண்டி, உடலிலேயே ஊறும் சில இரசாயனப் பொருள்களை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இருதயம் அவற்றை எதிர்த்து இறைத்துச் சோர்கிறது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் பின்னோக்கித் தேங்குவதை விவசாயிகள் அறிவர். அவ்வாறே இரத்தம் நுரையீரலில் தேங்கி, அதன் நீர் காற்றறைகளுள் கசிகிறது. நோயாளி தரையில் இருந்தவாறே மூழ்குபவர் போலாகிறார்.

உடல் முழுதும் வியர்த்தல், வாந்தி, கைகால் சில்லிடுதல் ஆகியவை முன்னறிகுறிகள். இருமலும் மூச்சுத் திணறலும் இளஞ்சிவப்பு நுரையும் கண்டால் நீர் கோத்துவிட்டது எனக் கொள்க. கொட்டிய இடத்தில் வலி குறைவு என்று ஆறுதல் கொள்ளலாகாது.

முற்காலத்தில் மேற்கிந்தியாவில் இவ்விஷம் கடுமையாக ஏறியோருள் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை மாண்டதாகக் கூறுவர். மகாராஷ்டிரத்தின் மகாட் வட்டாரத்தில் கிராம வைத்தியராயிருந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், சுருங்கிய குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் என்னும் இரத்த அழுத்த மாத்திரையை இதற்குக் கையாண்டார். அதன் பலனை 1986-இல் லண்டன் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். பின்னர் மரணம் பெரிதும் குறைந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விலையுயர்ந்த கருவியன்று, ஒரு மாத்திரையே இவ்வளவும் செய்தது! அதனுடன் விஷமுறிவு மருந்தும் சேர்த்தால் விரைவில் குணமாவதாக 2011-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

நீர் கோத்துவிட்டால் பிராணவாயுவும், அழுத்தத்துடன் காற்றூட்டும் முகமூடியும், குழாய்களைத் தளர்த்தும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுதலும் ஆஸ்பத்திரியில் செய்யப்படும். இரத்தக் கொதிப்பினால் நீர் கோத்தவர்க்குச் சிறுநீர் பெருக்கும் ஊசி உதவும்; ஆனால் வியர்த்தும் வாந்தியெடுத்தும் உடல் வறண்டிருப்பவர்க்கு அது பொருந்துமா என்பதை வைத்தியரே ஆராய்வார். ஆகவே, தேள் கொட்டிய செய்தியையும் நேரத்தையும் முதலிலேயே சொல்லவேண்டும்.

தேள் கொட்டிய பலருக்கு வலி மட்டுமே உண்டாகித் தானே தணியும். மந்திரிப்பவர்க்குப் புகழ் சேர்வது இதனால்தான். ஆனால் அங்கே கழியும் நேரம், விஷம் ஏறிய குழந்தைக்குக் கிடையாத நேரம். கீறுதல், இறுக்கிக் கட்டுதல் வேண்டா. மூச்சுத் திணறுபவரைப் படுக்க வைக்காது, சாய்த்து உட்கார வைத்து, 108 வண்டியை அழைக்க வேண்டும்.

அஞ்செட்டி, தளி மலைப்பகுதியினர் பெங்களூர் செல்லப் புறப்படுமுன், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் சிகிச்சை பெறுவதே நன்று. அங்கே பிரசோசின் இருப்பில் உள்ளதா என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் கோடைக்கு முன்பே வைத்தியரிடம் விசாரித்து வைக்கலாம். மாத்திரையை வீட்டில் தாமாகக் கொடுத்தல் கூடாது. முதல் வேளைக்குப்பின் இரத்த அழுத்தம் சட்டென இறங்கக்கூடுமாதலின், நோயாளியை எழுந்து நடக்கவும் விடலாகாது.