பூஞ்சை ஆய்ந்த பாதிரியார்

1845ஆம் ஆண்டு. ஐரோப்பாவின் பல பகுதிகளில் உருளைக்கிழங்குச் செடிகள் திடீரெனக் கருகத் தொடங்கின. முதலில் இலையில் ஒரு கரும்புள்ளி தோன்றும். சில நாள்களில் தோட்டமே அழுகி நாற்றமெடுக்கும். மண்ணுக்கடியில் இருந்த கிழங்கும் தப்பவில்லை. அயர்லாந்தின் ஏழை உழவர்களுக்கோ உருளைக்கிழங்கே அன்றாட உணவு. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பசியாலும் நோயாலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர்.

இந்த அழிவுக்கு என்ன காரணம்? மழையும் குளிருமே காரணம் என்றார் இலண்டன் தாவரவியல் பேராசிரியர் ஜான் லிண்ட்லி. செடிகள் அளவுக்கு மீறி நீரை உறிஞ்சி அழுகின. அழுகிய பின்னரே அவற்றில் பூஞ்சை பிடித்தது என்பது அவர் கருத்து. பழைய ரொட்டியில் பூஞ்சை படர்வதைக் கண்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் கிங்ஸ் கிளிஃப் என்னும் சிற்றூரில் வாழ்ந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லி இதனை ஏற்கவில்லை. 1803இல் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் பயின்று பாதிரியாரானவர். தேவாலயப் பணியே அவருடைய தொழில். பூஞ்சை ஆய்வு அவர் விரும்பி மேற்கொண்டது. எனினும், சார்லஸ் டார்வின் தம் கடற்பயணத்தில் திரட்டிய பூஞ்சைகளை ஆராய்ந்து விவரித்தவர் இவரே.

பெர்க்லி நோயுற்ற இலையை நுண்ணோக்கியில் பார்த்தார். இலையின் அடிப்பக்கத்து இலைத்துளைகளின் வழியே மெல்லிய வெண்ணிழைகள் வெளிவந்து, கிளைத்து, நுனிகளில் வித்துகளைத் தாங்கி நின்றன. செடி அழுகியதால் பூஞ்சை வரவில்லை. பூஞ்சை வந்ததால்தான் செடி அழுகியது என்று 1846இல் படங்களுடன் எழுதினார். அக்கட்டுரையை வெளியிட்டது இலண்டன் தோட்டக்கலைக் கழகத்தின் இதழ். லிண்ட்லியும் அக்கழகத்தில் பொறுப்பு வகித்தவர்தாம்!

ஆயினும், அவர் வாதத்தில் ஒரு குறை இருந்தது. நலமான செடியில் அந்த வித்துகளை இட்டு நோயை வரவழைத்துக் காட்டினால் அல்லவா மெய்ப்பித்ததாகும்? அதனை 1861இல் செய்து காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் அண்டோன் டி பாரி. பெர்க்லி சரியாகவே சொல்லியிருந்தார் என்பது உறுதிப்படப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. (அந்த உயிரி உண்மையான பூஞ்சை அன்று, பாசியினத்திற்கு நெருங்கியது என்கிறது இன்றைய அறிவியல். அதனால் அவர் வாதம் பழுதுபடவில்லை.)

1869இல் இலங்கையிலிருந்து நோயுற்ற காப்பி இலைகள் அவருக்கு வந்து சேர்ந்தன. இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. அதன் வித்து ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தது. எனவே, ‘பாதி வழவழப்பானது, பாழாக்குவது’ என்னும் பொருள்பட ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று அவரும் அவருடைய நண்பர் புரூமும் பெயரிட்டனர். நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. சுமார் இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களில் பெரும்பாலானவை அழிந்து, அந்த மலைச்சரிவுகளில் தேயிலை வளர்ந்தது. அங்கே காப்பிப் பழம் பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து கிள்ளினர்.

ஏறத்தாழ 6000 பூஞ்சை இனங்களை விவரித்த பெர்க்லி, 1879இல் தம் சேகரிப்பை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிற்கு வழங்கினார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1889இல், மறைந்தார்.