உட்கார்ந்தே இருந்தா பசி குறையுமா?

மண்ணச்சநல்லூர்னா அரிசி ஆலைகள்தான். அங்கே மூட்டை தூக்குறவர் நிறைய சாப்பிடுவார், உட்கார்ந்து கணக்கு எழுதுறவர் கொஞ்சமா சாப்பிடுவார்னுதானே நினைப்பீங்க?

மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையில் இதையே அளந்து பார்த்தார்கள். 213 தொழிலாளர்களை வைத்து ஜீன் மேயர் குழுவினர் 1956-ல் வெளியிட்ட ஆய்வு அது. வேலை கடினமாகக் கடினமாகச் சாப்பாடும் கூடியது, எடை ஏறவில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்கள், கடின வேலை செய்தவர்கள் அளவுக்குச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். அதாவது, அசைவு ரொம்பக் குறைஞ்சா பசி அதே அளவுக்குக் குறையுறதில்லை.

அவர்கள் பெரியவர்கள், ஒரே ஆய்வை வைத்து எல்லாருக்கும் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் நம்ம கதையைப் பாருங்க. பத்தாவது வரை கிரவுண்டே கதி. பிளஸ் டூவில் டியூஷன், இப்போ லேப்டாப். விளையாட்டு நின்னுச்சு, பசி நிக்கலை.

"குண்டா இருக்கிறவனுக்கு மெட்டபாலிசம் ஸ்லோ"ன்னு கிண்டல் பண்றோமே, அதுவும் பொதுவா தப்பு. உடல் பெரிதானால், சும்மா இருக்கும்போதும் அது செலவழிக்கும் மொத்த ஆற்றல் அதிகம்தான்.

அதுக்காக டிபனைக் கட் பண்ணாதீங்க. டீன் ஏஜில் வளர்ச்சிக்கும் ஆற்றல் வேணும். 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம், 18-லிருந்து வாரம் குறைந்தது 150 நிமிடம் உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். 150 நிமிடம்னா, வாரத்தில் அஞ்சு நாள், அரை மணி நேர வேக நடை. குண்டா இருக்கிற நண்பனைக் கிண்டல் பண்றதை விட்டுட்டு, சாயங்காலம் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.