சேண மூக்கு

அழகான குழந்தையைக் கண்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் “மூக்கும் முழியுமாக இருக்கிறாள்” என்பார்கள். அவமானப்பட்டு வந்தவனை “மூக்கறுபட்டு வந்தான்” என்பார்கள். நம் மதுரைச் சீமைக்கு இது வெறும் பேச்சு வழக்கு அன்று. 17ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், மைசூர்ப் படை புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. இராமநாதபுரம் இரகுநாத சேதுபதி துணைக்கு வந்து அப்படையை விரட்டினார். அதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். ஆனால் கத்தியே படாமல், வெளித்தோலில் ஒரு கீறலும் இல்லாமல், மூக்கின் நடுத்தண்டு உள்ளே அமுங்கிப் போவதும் உண்டு. அதைத்தான் மருத்துவர்கள் சேண மூக்கு என்கிறார்கள்.

சேணம் என்றால் என்ன? ஐயனார் கோயில் மண்குதிரையைப் பாருங்கள். முன்னும் பின்னும் உயர்ந்து, ஆள் அமரும் இடம் மட்டும் பள்ளமாக இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது மூக்கு அவ்வாறு தெரிவதால் இப்பெயர் வந்தது.

இது ஏன் ஏற்படுகிறது என்பதை அறிய, நம் மூக்கையே தொட்டுப் பார்ப்போம். மேற்பகுதி அசையாது, அது எலும்பு. கீழே வர வர வளைந்து கொடுக்கும், அது குருத்தெலும்பு. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சுவரின் முன்பகுதியும் குருத்தெலும்பே. கூடாரத்திற்கு நடுக்கம்பு போல அச்சுவர் மூக்கைத் தாங்குகிறது. கம்பு சாய்ந்தால் துணி அமுங்கத்தானே செய்யும்?

இக்குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் இல்லை. தன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய சவ்விலிருந்தே அது உணவைப் பெறுகிறது. இதை நம் தோழியர் அனைவரும் நினைவில் வைப்பது நல்லது. கோ-கோ ஆடும்போது தூணில் மோதியோ, எறிபந்து முகத்தில் பட்டோ மூக்கில் அடிபட்டால் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் கட்டக்கூடும். அப்போது உணவு தடைப்படுகிறது. மூன்று நான்கு நாட்களில் குருத்தெலும்பு அழியத் தொடங்கும். சீழ் பிடித்தால் இன்னும் விரைவு. வெளியே வீக்கம் வடிந்துவிட்டதே என்று நாம் மகிழ்ந்திருப்போம். உள்ளே தாங்குசுவர் கரைந்துகொண்டிருக்கும். அடிபட்டபின் இரண்டு பக்கமும் மூச்சு அடைத்தாலோ, துவாரத்தினுள் சிவந்த மெத்தை போன்ற வீக்கம் தெரிந்தாலோ, மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒத்தக்கடையிலிருந்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை பஸ் ஏறிப் போகும் தூரந்தான். சிறு கீறலிட்டு இரத்தத்தை வெளியேற்றினால் மூக்கு பிழைத்துவிடும்.

அடிபடாமலே வரும் காரணங்களுள் நம் நாடு நன்கறிந்தது தொழுநோய். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் அதன் கிருமியைக் கண்டார். உடலின் குளிர்ந்த இடங்களே அக்கிருமிக்குப் பிடிக்கும். மூச்சுக்காற்று ஓயாமல் வந்து போவதால் மூக்கின் உட்பகுதி குளிர்ந்தே இருக்கிறது. முதலில் மூக்கடைப்பு, பொருக்கு, இரத்தக் கசிவு. யாரும் சளி என்றே எண்ணுவர். பிறகு உட்சுவர் அரிக்கப்படுகிறது. அதே 1873ஆம் ஆண்டு மொலக்காய் தீவின் தொழுநோயாளரிடம் சென்ற புனித தமியானுக்கும் இது நேர்ந்தது. 1888இல் அவரைக் காணச் சென்ற ஓவியர் எட்வர்ட் கிளிஃபோர்டு, அவர் புருவங்கள் உதிர்ந்து மூக்கு அமுங்கியிருந்ததை எழுதி வைத்துள்ளார். மறு ஆண்டு தமியான் இறந்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் காலத்தில் இல்லாத மருந்து இன்று இருக்கிறது. 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையை ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் நோய் குணமாகும். அரசு அதை இலவசமாகவே தருகிறது.

வேறு காரணங்களும் உண்டு. தாயிடமிருந்து கருவிலேயே தொற்றும் சிஃபிலிஸ், காசநோய், முந்தைய அறுவையில் குருத்தெலும்பை அளவுக்கு மீறி எடுத்துவிடுதல், கொகெய்ன் என்னும் போதைப்பொடியை உறிஞ்சுதல் ஆகியவை சில. உடலைக் காக்கும் எதிர்ப்புச் சக்தியே பகையாகி, குருத்தெலும்பையோ இரத்தக் குழாய்களையோ தாக்குவதும் உண்டு. அவ்வகை நோய் ஒன்றில் காதும் சிவந்து வீங்கும். ஆனால் தோடு போடும் மடல் மட்டும் வீங்காது. அங்கே குருத்தெலும்பு கிடையாது அல்லவா!

மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்? ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்க விரும்புகிறோம். பிறவியிலேயே தட்டையான மூக்கு நோயன்று. அதைச் சப்பை மூக்கு என்று கேலி செய்வோரே திருந்த வேண்டும். முன்பு நேராக இருந்த மூக்கு மாறியதா என்பதுதான் கேள்வி. பழைய புகைப்படம் ஒன்றே பாதி விடையைச் சொல்லிவிடும். பின்னர் விரலால் மூக்கின் நுனியை அமுக்கி உள்ளே தாங்கல் உள்ளதா என்று பார்ப்பார். விளக்கொளியில் சுவரில் ஓட்டை, பொருக்கு இருக்கிறதா என ஆராய்வார். தோலில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா, நரம்பு தடித்துள்ளதா, மூட்டு வலியோ சிறுநீரில் இரத்தமோ உண்டா என்றும் கேட்பார். மூக்கைக் காட்ட வந்தவரிடம் சிறுநீரைப் பற்றி ஏன் கேட்கிறார் என வியக்க வேண்டாம். இரத்தக் குழாய்களைத் தாக்கும் நோய் மூக்கையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே கெடுக்கும். இரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், சிறு துணுக்கெடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனை ஆகியவை தேவைக்கேற்பத் தொடரும்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். கை சரியாகியும் முகத்தைப் பார்த்தே வேலை தர மறுத்தனர். ஆகவே புருவத்தையும் மூக்கையும் சீர்செய்யும் பணியும் சேர்ந்தது. இங்கே ஓர் ஆறுதல்: இம்மூக்குகளின் வெளித்தோல் பெரும்பாலும் அழிவதில்லை. உட்சவ்வு சுருங்கித் தோலை உள்ளே இழுத்துவிடுகிறது. எனவே மேலுதட்டின் உட்புறமாகக் கீறி, சுருக்கத்தை விடுவித்து, உள்ளே மெல்லிய தோல் ஒட்டி நிமிர்த்த முடிந்தது. இக்காலத்தில் விலா எலும்பை அடுத்த குருத்தெலும்பையோ காதிலிருந்து ஒரு துண்டையோ எடுத்துத் தாங்கலாக வைக்கின்றனர். மூல நோய் அடங்கிய பின்னரே இதைச் செய்வர். இளவயதினர்க்குப் பெரும்பாலும் முக வளர்ச்சி முடியும்வரை காத்திருப்பர்.