தூக்கிய பிக்கப்புக்குப் பின்பக்க ஷாக்: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, உன் வி-கிராஸை 2 இன்ச் தூக்கியாச்சு. இனி பின்பக்கத்துக்கு எந்த ஷாக் அப்சார்பர் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், கலர் கலராகப் படம் அனுப்புவார்கள். பெயரையும் கலரையும் கொஞ்சம் ஒதுக்கி வை. டேப்போடு வண்டிக்கு அடியில் போய் அளந்து பார், அப்புறம் கடைக்குப் போ. பெட்டி மேல் '2 இன்ச் லிஃப்ட்டுக்கு' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதே.

எடையைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங் பிளேட்கள்தான். அந்தப் பிளேட் ஆடுவதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்றால் ஷாக்கை மாற்றிப் பிரயோஜனமில்லை, பிளேட்டைக் கவனி. வேகத்தடை தாண்டிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது என்றால், அது ஷாக் விஷயம்.

எதைப் போட்டுத் தூக்கினார்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டு வை. பிளேட்டின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிலை நீளமாக மாட்டியிருந்தால், ஷேக்கில் 2 இன்ச் நீண்டாலும் வண்டி உயர்வது சுமார் 1 இன்ச்தான். பிளேட் செட்டையே மாற்றியிருந்தால் கணக்கு வேறு. அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

அளவு மூன்று வேண்டும். வண்டி சமதரையில் நிற்கும்போது, ஷாக்கின் மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடுவுக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள். அடுத்து, அச்சுக்கு மேலே சேஸிஸில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது போய் இடிக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. மூன்றாவதுக்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை வை, சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து, ஷாக்கின் ஒரு முனையைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை முழுசாகத் தொங்கவிட்டு அளந்துகொள். தொங்கவிடும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கண்ணை அங்கேயே வை. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே படுக்காதே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உதாரணத்துக்கு, நிற்கும்போது 20 இன்ச், ரப்பர் இடைவெளி மூன்றரை, தொங்கும்போது இருபத்து நாலரை என்று வைத்துக்கொள். சக்கரம் முழுசாக மேலே ஏறி ரப்பரில் இடிக்கும்போது ஷாக்குக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய பதினாறரை இன்ச். நீ வாங்கும் ஷாக் மூடிய நிலையில் 16 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது, விரிந்த நிலையில் 25 வரை வர வேண்டும். வண்டியைத் தூக்கினாலும் பம்ப் ஸ்டாப் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். 'உயரம் கூடிவிட்டதே' என்று நீள ஷாக்காக வாங்குவார்கள், அதன் மூடிய நீளமும் கூடவே கூடியிருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கும்போது ரப்பர் இடிக்கும் முன்பே ஷாக் அடிதட்டிவிடும். அந்த அடி முழுவதும் பிஸ்டனுக்கும் மவுண்ட் பிராக்கெட்டுக்கும் போகும். பிராக்கெட் வெல்டிங் விட்டுப்போவது இப்படித்தான். பழைய குட்டை ஷாக்கையே விட்டுவைத்தால் வேறு தொல்லை: சக்கரம் தொங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக் முழுசாக இழுபட்டு, சீல் சீக்கிரம் போய்விடும். எக்ஸ்டென்ஷன் பிராக்கெட் போட்டுப் பழைய ஷாக்கையே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

நீளம் சரியாகிவிட்டால் வகையைத் தேர்ந்தெடுப்பது சுலபம். ட்வின் ட்யூபில் உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய். விலை குறைவு, கல் பட்டு வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் வேலை செய்யும். ஆனால் மேடும் பள்ளமுமாக நீளும் மண் ரோட்டில் விடாமல் ஓட்டினால் ஆயிலில் காற்றுக் குமிழி கலந்து அடக்கும் சக்தி குறையும். மோனோ ட்யூபில் ஆயிலும் நைட்ரஜனும் ஒரு தடுப்பு பிஸ்டனால் பிரிந்தே இருப்பதால் அந்தத் தொந்தரவு குறைவு, சூடும் சீக்கிரம் வெளியேறும். குறை ஒன்று உண்டு. பிஸ்டன் ஓடுவது வெளிச்சுவரிலேயே என்பதால் ஒரு நல்ல நசுங்கல் போதும், கதை முடிந்தது. பில்ஸ்டைன் 5100 மோனோ ட்யூப், ஓல்ட் மேன் எமு நைட்ரோசார்ஜர் ட்வின் ட்யூப். கேஸுக்குப் பதில் ஃபோம் வைத்த ஃபோம் செல் ட்வின் ட்யூபும் உண்டு, லோடு ஏற்றி மெதுவாகப் போகும் வண்டிக்கு அது பிடித்த வகை. தனி டப்பா தொங்கும் ரிசர்வாயர் ஷாக், மணிக்கணக்கில் வேகமாகக் கரடுமுரடில் ஓட்டுபவர்களுக்கு. உனக்கு அது வீண் செலவு.

லோடு விஷயத்தில் உண்மையைச் சொல். வாரத்தில் ஐந்து நாள் தொட்டி காலியாகத்தான் போகிறது என்றால், 300 கிலோ நிரந்தர லோடுக்கான கனமான பிளேட்டும் கடினமான ஷாக்கும் முதுகை உடைத்துவிடும். கனமான பிளேட் போட்டிருந்தால் அதற்கேற்ற ரீபவுண்டு அடக்கம் உள்ள ஷாக் வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் எகிறிக்கொண்டே இருக்கும். பிளேட் எந்தக் கம்பெனியோ, அதற்கு அவர்கள் சொல்லும் ஷாக்கையே வாங்கு என்பதுதான் என் ஓட்டு. எதுவானாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆர்டிஓ ஆபீசிலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள். கிளெய்ம் நேரத்தில் அழுது பயனில்லை.

பின் அச்சோடு இணைந்த லோடு சென்சிங் பிரேக் வால்வு சில பிக்கப்பில் உண்டு. தூக்கிய பிறகு சேஸிஸுக்கும் அச்சுக்கும் இடைவெளி கூடுவதால், அது தொட்டி காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உன் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல், இருந்தால் அதன் கம்பியைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதே.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில். கேஸ் ஷாக்கைச் சுருக்கிக் கட்டியிருக்கும் பட்டையை ஒரு முனை மாட்டிய பிறகுதான் அறுக்க வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் புஷ் எப்போதும் திருகியே இருந்து சீக்கிரம் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஷாக் போல்ட்டையும் யூ போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரென்ச் வைத்துப் பார்க்கச் சொல்.