ஆயாக் கொட்டகையும் ஆலோசனைத் தொழிலும்

செண்டாயான் என்றதும் மூத்தோர் நினைவுக்கு வருவது ரப்பர் மரங்கள். இன்று அங்கே பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற நகரம் எழுந்துள்ளது. தோட்டத்து மக்களின் பேத்திகள் பட்டம் பெற்றுக் கணக்காய்வாளராகவும் நிர்வாக ஆலோசகராகவும் பணிபுரியும் காலம் இது.

அன்று விடியுமுன் பிரட்டுக்குப் போன தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். கூலி குறைவு, வாழ்வு கடினம். ஆனாலும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலையிடத்தின் பொறுப்புகளுள் ஒன்றாக இருந்தது. இன்று அது பெரும்பாலும் தாயின் சொந்தச் சிக்கலாகிவிட்டது.

ஆலோசனைத் தொழிலில் இச்சிக்கல் ஏன் கூடுகிறது?

முதலாவது, நேரம். வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறும் மணிநேரங்களைக் கொண்டே உழைப்பு அளக்கப்படுகிறது. இரவோ வெளியூரோ, அழைத்தால் போகவேண்டும். 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இத்தகைய பணிகளைப் 'பேராசை கொண்ட வேலை' என்கிறார். எந்நேரமும் கிடைப்பவருக்கே ஊதியமும் உயர்வும் கூடுதலாகச் சேர்வதால், குழந்தைக்காக நேரம் ஒதுக்குபவர் பின்தங்குகிறார்.

இரண்டாவது, மதிப்பீடு. அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தில் 1982இல் பங்காளர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஆன் ஹாப்கின்ஸ் ஒருவரே பெண். மூன்று பிள்ளைகளின் தாய். பெரிய ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தும், பெண்மையோடு நடக்கவும் ஒப்பனை செய்துகொள்ளவும் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாலின அடிப்படையிலான இத்தகைய எதிர்பார்ப்பும் பாகுபாடே என்பதை 1989 தீர்ப்பு உணர்த்தியது. பின்னர் நீதிமன்ற ஆணையால் அவர் பங்காளரானார்.

நம் நாட்டில் 2001இல் அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவில் பாலினமும் சேர்க்கப்பட்டது. 2023 ஜனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கு 7 நாள் விடுப்பு வந்தது. நெகிழ்வான பணி நேரம் கோரி எழுத்து வழி விண்ணப்பித்தால், முதலாளி 60 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூறவேண்டும்.

எனினும், கேட்கும் உரிமை வேறு, கிடைக்கும் உறுதி வேறு. விடுப்பு முடிந்து திரும்புபவருக்கு முக்கியப் பணிகள் மறுக்கப்பட்டால் எந்தச் சட்டமும் பதவி உயர்வு தந்துவிடாது.

மாணவ நண்பர்களே, வேலையில் சேருமுன் சம்பளத்தை மட்டும் கேளாதீர்கள். அங்கே தாய்மார் எத்தனை பேர் மேல்பதவியில் உள்ளனர் என்றும் கேளுங்கள். ஆண்களே, ஏழு நாளோடு தந்தையின் கடமை முடிவதில்லை. தோட்டம் கொடுத்த கொட்டகையை அலுவலகமும் கொடுக்கட்டும். தொட்டிலை ஆட்டும் கை வீட்டில் இரண்டாகட்டும்.